யுபிக்விட்டின் மரபணு எல்லாமே வில்லன் இல்லை
"யுபிக்விட்டின் மரபணுக்கள் புற்றுநோய் செல்களை வளர்க்கின்றன, அவற்றை முடக்கினால் நோய் அடங்கும்" என்று இந்தக் கட்டுரை பொத்தாம்பொதுவாகச் சொல்வதுதான் இடிக்கிறது. யுபிக்விட்டின் என்பது, அழிக்க வேண்டிய புரதங்களின் மேல் அடையாளமாக ஒட்டப்படும் ஒரு குட்டிப் புரதம்; அதை ஒட்டும் வேலையில் பங்குள்ள மரபணுக்களைத்தான் இங்கே பேசுகிறோம். எம்டிஎம்2 என்ற மரபணு விஷயத்தில் சரி, அது செல்லுக்குக் காவலாக இருக்கும் பி53 புரதத்தின் மேல் யுபிக்விட்டினை ஒட்டிவிடும், ஒட்டியதைப் புரோட்டியாசோம் என்ற செல்லின் குப்பை அரைக்கும் இயந்திரம் சிதைத்துவிடும், கெட்டுப்போன செல்லைத் தடுத்து நிறுத்த ஆளே இல்லாமல் போய்விடும். லைப்போசார்கோமா என்ற கொழுப்புத் திசுப் புற்றுக்கட்டிகள் சிலவற்றில் இந்த மரபணு பல மடங்கு பெருகியிருப்பதும் உண்மை. ஆனால் விஎச்எல் என்ற மரபணு? அதுவும் இதே கூட்டம்தான், ஹெச்ஐஎஃப் என்ற புரதத்துக்கு யுபிக்விட்டின் முத்திரை குத்தி அழிக்க அனுப்புவது அதன் வேலை. சிறுநீரகப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகையில் பெரும்பாலும் இந்த விஎச்எல் பழுதாகிக் கிடக்கிறது, அதனால் ஹெச்ஐஎஃப் குவிந்து கட்டிக்குப் புது ரத்தக்குழாய்களை வரவழைக்கிறது. இதைப் போய் முடக்குவதா? அப்புறம், எம்டிஎம்2வையே முழுசாக எடுத்தாலும் ஆபத்துதான்: அது இல்லாத எலிகள் கருவிலேயே இறந்துவிடுகின்றன, பி53ஐயும் சேர்த்து நீக்கினால் பிழைக்கின்றன என்று 1995லேயே காட்டிவிட்டார்கள். மனிதர்களிடம் சோதித்த எம்டிஎம்2 தடுப்பு மருந்துகளில் ரத்தத் தட்டணுக்கள் குறைவது பெரிய தலைவலி. மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் "அப்போ போர்டெசோமிப் மட்டும் எப்படி வேலை செய்கிறது" என்று கேட்டிருக்கிறார். அந்தப் புற்றுநோய் மருந்து எந்த யுபிக்விட்டின் மரபணுவையும் தொடுவதில்லை, கடைசியில் இருக்கும் புரோட்டியாசோமை அடைக்கிறது. ஓயாமல் புரதம் தயாரிக்கும் மல்டிபிள் மைலோமா (ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) செல்கள் சேர்ந்த குப்பையில் திணறிச் சாகின்றன, அமெரிக்காவில் 2003லேயே அனுமதி கிடைத்த மருந்து. பி53 ஏற்கெனவே உடைந்துபோன கட்டியில் எம்டிஎம்2வை அடைத்துப் பெரிய பயனில்லை, அதையாவது கட்டுரையில் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.