ரோஜாப்பூ ஏறாத கம்ப்யூட்டர்

(பினாங்கு, ஜெலுத்தோங். அடுக்குமாடி வீடு, ஞாயிறு காலை. தம்பி சேகர் பிளாஸ்டிக் பையோடு நுழைகிறான்.)

சேகர்: அக்கா, அந்தக் குண்டு டிவி இன்னும் இருக்கா?

ராணி: இருக்கு. 2019-ல அனலாக்கை நிறுத்தினதுலேருந்து அது பூ ஜாடி வைக்கிற மேசை. பசியாறிட்டியா?

சேகர்: அப்புறம். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில என்ன கிடைச்சுது பாரு!

ராணி: ரப்பர் பட்டன் வச்ச கால்குலேட்டர். எத்தனை வெள்ளி அழுத?

சேகர்: கம்ப்யூட்டர்க்கா! இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், 1982. மெமரி 48 கேபி. வந்தப்ப 175 பவுண்டு.

ராணி: 175 பவுனா? கல்யாணமே பண்ணலாமேடா!

சேகர்: பவுன் இல்ல, பவுண்டு. இங்கிலாந்துக் காசு.

ராணி: சரி, 48 எம்பி...

சேகர்: கேபி. அதுலயும் கிட்டத்தட்ட 7 கேபிய திரையே தின்னுடும். காலையில குடும்ப குரூப்புல நீ போடுற ரோஜாப்பூ படம் இதுல ஏறாது.

ராணி: ரோஜாப்பூ ஏறாத கம்ப்யூட்டர் யாருக்குடா வேணும்?

சேகர்: அங்க 1982 சனவரியில பிபிசி கம்ப்யூட்டர் பாடத்தையே டிவில போட்டான். அதுக்குன்னு பிபிசி மைக்ரோன்னு தனி மெசின், ஏக்கார்ன் செஞ்சது. அந்த ஆர்டருக்கு இதைச் செஞ்ச சின்கிளேரும் முட்டி மோதினார், கிடைக்கல. அப்புறம் வந்ததுதான் இது.

ராணி: டிவில பாடமா? நம்ம பள்ளிக்கூடப் பாட டிவி, டிவி பெண்டிடிக்கான், 1972-லயே வந்தாச்சு. கறுப்பு வெள்ளை. அறிவியல் பாடத்துல இலையும் சாம்பல், பூவும் சாம்பல். கலர் வந்தது 1978 கடைசியில. இந்தா, பழைய வைஃபை பெட்டியோட அடாப்டர். முனை பொருந்துது பாரு.

சேகர்: ஐயோ, சொருகாதே! பொருந்துறதுதான் ஆபத்தே. இதுக்கு 9 வோல்ட், நடு முனை மைனஸ். அதுல நடு முனை ப்ளஸ். மாத்திக் குத்தினா உள்ள பவர் பகுதி போயிடும், கூட கீழ் 16 கேபி ராம் சிப்பும் போனாலும் போகும். இதோட அடாப்டர் பையில இருக்கு.

ராணி: ஸ்விட்ச் எங்க?

சேகர்: கிடையாது. அணைக்கணும்னா வயரைப் பிடுங்கணும்.

ராணி: அதான் கல்யாணச் செலவுல மிச்சம் பிடிச்சிருக்கான்.

சேகர்: ஏரியல் ஓட்டையில இந்த வயரு. யூஎச்எஃப் 36-வது சேனல். மெதுவா திருப்பு... இன்னும்... நிறுத்து! கீழ 1982-னு எழுத்து வருதா?

ராணி: வருது. டிவில சத்தமே இல்லையே?

சேகர்: சத்தம் இதுக்குள்ள இருக்கிற குட்டி ஸ்பீக்கர்ல வரும். நல்லதுதான். இங்கிலாந்து டிவி சத்தம் படத்துலேருந்து 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி, நம்ம ஊர்ல 5.5. டிவி வழியா வந்திருந்தா இரைச்சல்தான் மிச்சம்.

ராணி: என்ன தட்டணும்?

சேகர்: இதுக்குக் கேம் கேசட்டுல சத்தமா பதிஞ்சிருக்கும், அதை உள்ள ஏத்தணும். ஜே ஒண்ணு. முழு லோட் வார்த்தையும் வந்திடும். அப்புறம் சிம்பல் ஷிஃப்டைப் பிடிச்சுக்கிட்டு பி (P) ரெண்டு தடவை, என்டர். கேசட் ரெக்கார்டரோட இயர்போன் ஓட்டைக்கும் மெசின்ல இயர்னு போட்டதுக்கும் ஒரு வயரு. சவுண்டு முக்கால், ட்ரெபிள் முழுசு. ப்ளே!

(கேசட் "ங்ஙூம்ம்" என்கிறது.)

ராணி: இது மூக்கடைச்சுக்கிட்டுப் பாடுது.

சேகர்: டேப்பைப் படிக்கிற ஹெட்டை ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைச்சாச்சு... அப்ப ஹெட் சாஞ்சிருக்கு. பக்கத்துல ஸ்ப்ரிங் போட்ட குட்டி ஸ்க்ரூ தெரியுதா? ஓடும்போதே திருப்பணும். கால் சுத்துக்கு மேல போகாதே.

ராணி: ரேடியோவுல சிலோன் பிடிச்ச காதுடா இது. தள்ளு. (திருப்புகிறாள்.) இப்ப கணீர்னு இருக்கா?

சேகர்: இருக்கு! திரை ஓரத்துல கோடு ஆடுது... ஆனா சிவப்பும் இளநீலமும் அஞ்சு செகண்டு ஒரே சீரா ஓடணுமே. இது தாளம் போடுதே?

ராணி: நாதஸ்வரம்டா. யாரோ கேசட்டோட அழிக்காம தடுக்கிற ஓட்டையில செல்லோடேப் ஒட்டி, கல்யாண மேளத்தைப் பதிஞ்சு வச்சிருக்கான்.

சேகர்: எந்தச் சத்தம் வந்தாலும் இது கோடு போடும்...

ராணி: கெட்டிமேளத்துக்குக் கோடு போடுற கம்ப்யூட்டர்! 175 பவுன் தகும்.

சேகர்: கிண்டல் பண்ணாதே. என் போன்ல ஒரு கேமோட சத்தம் வேவ் ஃபைலா இருக்கு. அதே வயரு, முழுச் சவுண்டு, ஈக்வலைசர் ஆஃப். அஞ்சு நிமிசம் போகும். ஒரு பிட் தப்பினாலும் கடைசிக் கணக்கு ஒத்துவராது, முதல்லேருந்துதான். மூச்சு விடாதே.

(கீச்சொலி. சிவப்பு, இளநீலம். பேரு வருகிறது. பிறகு மஞ்சளும் நீலமும். படம் வரி வரியாக இறங்குகிறது.)

ராணி: அழகா இருக்குடா! ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்.

சேகர்: எடு, எடு. நாலு நிமிசம் ஆச்சு... இன்னும் கொஞ்சம்தான்...

("டிங்.")

சேகர்: திரையில என்ன போட்டிருக்கான்?

ராணி: ஆர்... டேப் லோடிங் எரர்.

சேகர்: அக்கா. அந்தப் போட்டோவ எங்க அனுப்பின?

ராணி: குடும்ப குரூப்புக்கு. கூட ஒரு ரோஜாப்பூவும் வச்சேன்.