அந்த வீடியோவில் ஆயா எங்கே?

ஒரு அங்கன்வாடியில் (பால்வாடியில்) எடுத்த அந்த 40 விநாடி வீடியோவை மூன்று நாளாக ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். டீச்சர் போனைப் பார்க்கிறார், பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னாலிருந்து ஒரு குரல் "இதுக்குத்தான் நம்ம வரிப்பணம்" என்கிறது. அதற்குக் கீழே வரிசையாக கமென்ட்: பால்வாடியை மூடு, அந்தக் காசை உருப்படியா செலவு பண்ணு. விவரம் தெரிந்தவர்கள்கூட அப்படி எழுதியிருக்கிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அங்கன்வாடிப் பணியாளர் கையில் போன் இருப்பது குற்றம் இல்லை. அது அவருடைய வேலை. 2021 மார்ச்சில் போஷன் டிராக்கர் என்ற செயலி வந்தது. மையம் திறந்தது, எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எடை, உயரம், வீட்டுக்குப் போய்ப் பார்த்தது, சத்துமாவு கொடுத்தது என எல்லாம் அதில் ஏற வேண்டும். 2025 ஜூலையிலிருந்து சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தையும் போனில் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். ஆதாரோடு இணைத்த நம்பர் கணவருடையது, அவர் வேலைக்குப் போயிருப்பார். அவரைக் கூப்பிட்டு ஓடிபி கேட்டு அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. உள்ளே சிக்னல் இல்லாவிட்டால் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளைகளை யார் பார்ப்பது? ஆயா, அதாவது மையத்தின் உதவியாளர், பார்க்கலாம். ஆயா அடுப்படியில் இருப்பார். ஆயா பணியிடம் காலியாக இருந்தால் அடுப்படியிலும் டீச்சர்தான்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. ஆள் வேண்டும். ஆளுக்குக் காசு வேண்டும். அந்தக் காசை அரசு தர வேண்டும்.

1975 அக்டோபர் 2-ம் தேதி நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கியபோதே, அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்துக்கு ஆறு வேலைகள் வைத்தார்கள். ஊட்டச்சத்து உணவு, முன்பருவக் கல்வி, தாய்மார்களுக்கு ஊட்டச்சத்து பற்றிச் சொல்லிக்கொடுப்பது, தடுப்பூசி, உடல் பரிசோதனை, தேவைப்பட்டால் மேல் சிகிச்சைக்கு அனுப்புவது. 400 முதல் 800 பேர் வாழும் இடத்துக்கு ஒரு மையம், அதில் ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். வேலைகள் வருடா வருடம் கூடின. ஆட்கள் எண்ணிக்கை அப்படியே நிற்கிறது.

எடை பார்ப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு நிமிட வேலை. ஸ்கேலைத் தொங்கவிட்டு முதலில் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால். கனமான உடுப்பைக் கழற்ற வேண்டும். பிள்ளை அழுது துள்ளினால் முள் ஆடும், அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஏன் இவ்வளவு கவனம்? உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஒரு வயது ஆண் குழந்தைக்கு 7.7 கிலோவுக்குக் கீழே போனால் எடைக்குறைவு, 6.9-க்குக் கீழே போனால் கடுமையான எடைக்குறைவு. 7.6 கிலோ உள்ள பிள்ளையை அவசரத்தில் 7.8 என்று எழுதினால் அவன் கணக்கில் நன்றாக இருக்கிற பிள்ளை ஆகிவிடுவான். 200 கிராம்தான் வித்தியாசம், ஆனால் யாரும் அவன் வீட்டுப் பக்கம் போக மாட்டார்கள்.

உயரம் இதைவிடக் கஷ்டம். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். ஒருவர் தலையைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் முழங்காலை நீட்டிப் பிடித்துக் கால்பக்கப் பலகையை நகர்த்த வேண்டும். தனியாக ஒருவரால் இதைச் சரியாகச் செய்யவே முடியாது. கூட ஆள் இல்லாதபோது பிள்ளையைச் சுவரோரம் நிற்கவைத்து அளக்கிறார்கள். நிற்கவைத்து அளந்தால் ஏறத்தாழ 0.7 சென்டிமீட்டர் குறைவாக வரும். அந்தத் தப்பான எண்தான் மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் டெல்லிக்கும் போய்ப் புள்ளிவிவரமாகத் திரும்பி வருகிறது. அதை வைத்துக்கொண்டு டிவியில் விவாதம் செய்கிறோம்.

1980-ல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாட்டில் ஓர் ஊட்டச்சத்துத் திட்டம் நடந்தது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை பார்த்து, எடை ஏறாதவர்களுக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு. அந்த யோசனை முழுக்க முழுக்கச் சரியான எடையை நம்பி நின்றது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோதும் காசு விரயம் என்றார்கள். இன்று அதைச் சொல்ல எந்தக் கட்சிக்கும் தைரியம் கிடையாது. ஆறு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அந்தப் பேச்சு இன்னும் செல்லுபடியாகிறது.

அடுத்து சாப்பாடு. விதிப்படி ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம், வருடத்துக்கு 300 நாள். இதற்கு 2017-ல் மத்திய அரசு வைத்த கணக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய். கடுமையான ஊட்டக்குறைவு உள்ள பிள்ளைக்கு 12 ரூபாய். அதில் பாதியை மாநிலம் போட வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. இன்றைக்குக் கடையில் ஒரு முட்டை என்ன விலை என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். பருப்பு, எண்ணெய், காய், கேஸ் எல்லாம் மீதிக் காசில் வர வேண்டும். தமிழ்நாட்டில் வாரம் மூன்று முட்டை கிடைக்கிறதென்றால் மாநிலம் தன் கையிலிருந்து கூடுதலாகப் போடுவதால்தான். போட வேண்டியது இன்னும் இருக்கிறது. காய்கறிக்கும் சிலிண்டருக்கும் பணம் தாமதமாக வரும் மாதங்களில் எத்தனையோ டீச்சர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து போட்டு, பில்லை நோட்டில் ஒட்டிவைத்துக் காத்திருக்கிறார்கள்.

அந்தச் சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018 அக்டோபரில் மத்திய அரசு உயர்த்தி வைத்த மதிப்பூதியம் பணியாளருக்கு 4,500, உதவியாளருக்கு 2,250 ரூபாய். தமிழ்நாடு சிறப்புக் காலமுறை ஊதியம் (மதிப்பூதியத்துக்குப் பதிலாக ஊதிய விகிதப்படி மாதச் சம்பளம்) கொடுப்பதால் இங்கே நிலைமை பரவாயில்லை. ஆனாலும் இவர்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்று சொல்ல 2022-ல் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. திட்டம் தொடங்கி 47 வருடம் கழித்து!

"பிள்ளையைப் பெற்றவர்கள் வளர்க்கட்டும், அரசு எதற்கு?" என்று கேட்பீர்கள். வளர்க்கத்தான் செய்கிறார்கள். காலையில் வேலைக்குப் போகும் அம்மா இரண்டு வயதுப் பிள்ளையை எங்கே விடுவார்? அக்காவிடம் விட்டால் அக்கா பள்ளிக்குப் போக மாட்டாள். அந்தச் செலவு உங்கள் வரிப்பணக் கணக்கில் வராது. அவள் கணக்கில் வரும்.

"காசாகக் கொடுத்துவிடலாமே?" கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காசு பிள்ளையைத் தூக்கி எடை பார்க்காது. மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போய்விட்டது, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லாது. அதற்கும் ஆள் வேண்டும்.

"ஊழல்." இருக்கிற இடத்தில் பிடியுங்கள். ரோட்டிலும் ஊழல் இருக்கிறது, ரோடே வேண்டாம் என்று யாரும் எழுதுவதில்லை.

அங்கன்வாடியோடு முடிகிற விஷயமும் இல்லை இது. அப்பா இறந்துவிட்டார், அம்மாவால் சமாளிக்க முடியவில்லை, பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கிறார்கள். 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. அதற்காகவே மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. அப்பாவின் இறப்புச் சான்று, வருமானச் சான்று, பள்ளிச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் எடுத்துக்கொண்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். அவர்கள் விசாரித்த பிறகு ஒரு குழு ஒப்புதல் தரும். பெரும்பாலும் சிக்குவது வருமானச் சான்றில்தான். கிராமத்தில் வருட வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும், மற்ற இடங்களில் 96,000. 72,000 என்றால் மாதம் 6,000. ஒரு நாளைக்கு 300 ரூபாய் கூலியில் 25 நாள் வேலைக்குப் போனால் 7,500 ஆகிவிடும். உழைத்ததற்காகத் தகுதி இழக்கிறார் அந்த அம்மா. வரம்புக்குள் வந்தாலும் ஒதுக்கிய நிதி எவ்வளவோ அத்தனை பேருக்குத்தான். மீதிப் பேர் காத்திருக்க வேண்டும். பிள்ளைக்கு வயது காத்திருக்குமா?

கோபம் வந்தால் கேளுங்கள், ஆனால் சரியான இடத்தில் கேளுங்கள். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று உங்கள் ஊர் மையத்தைப் பற்றிக் கேளுங்கள்: ஆயா பணியிடம் நிரம்பியிருக்கிறதா? கட்டடம் சொந்தமா வாடகையா? ஸ்கேல் வேலை செய்கிறதா? படுக்கவைத்து அளக்கிற பலகை இருக்கிறதா? போன மாதக் காய்கறிப் பணம் வந்ததா? பதிலைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். ஆறு வயதுக்குக் கீழே 40 பிள்ளைகள் இருந்தும் மையமே இல்லாத குடியிருப்பு என்றால், கேட்ட மூன்று மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதையும் கேளுங்கள். சட்டமன்றத்தில் சமூக நலத்துறை மானியக் கோரிக்கை (துறையின் செலவுக்கு ஒப்புதல் கேட்பது) வருவதற்கு முன்னால் உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

அந்த வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். 40 விநாடியிலும் அந்த அறையில் டீச்சரைத் தவிர வேறு பெரியவர்கள் ஒருவரும் இல்லை. ஆயா எங்கே என்று அத்தனை கமென்ட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.