சிவப்பு எழுத்தில் ஒரு ‘ஹை ரிஸ்க்’

பன்னிரண்டாம் வாரம் எடுத்த ரத்தத்துக்கும் ஸ்கேனுக்கும் சேர்த்து ஒரு தாள் வந்தது. அதில் சிவப்பு எழுத்தில் ‘ஹை ரிஸ்க்’, பக்கத்திலேயே 1:120. அது, ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் பிறவியிலேயே வரும் டவுன் சின்ட்ரோமுக்கான சோதனை என்பதே எனக்கு அந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரியும். சர்க்கரை, தைராய்டு என்று எடுக்கும் வழக்கமான பட்டியலோடு இதையும் எழுதிவிட்டிருந்தார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. என்னவென்று நானும் கேட்கவில்லை, அது என் தப்பு.

120-ல் ஒன்று என்றால், என்னைப்போலத் தாள் வாங்கிய 120 பேரில் 119 பேரின் குழந்தைக்கு அது இல்லை. இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அந்த வாரம் கொஞ்சமாவது தூங்கியிருப்பேன். “அடுத்த டெஸ்ட் எடுத்துடலாம்மா, லேட்டானா முடிவெடுக்கக் கஷ்டம்” என்றார்கள். என்ன முடிவு? அதைப் பற்றி ஒரு பேச்சுக்கூட நடக்கவில்லையே!

நான் சோதனைக்கு எதிரி இல்லை. டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். முன்பே தெரிந்தால் எங்கே பிரசவம் பார்ப்பது என்று யோசிக்கலாம். கருவைத் தொடர்வதா வேண்டாமா என்பதும் சுமக்கிறவளின் முடிவுதான், அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஆனால் பாதி விஷயத்தை மறைத்துவிட்டு “உங்க இஷ்டம்மா” என்பது எந்த ஊர் நியாயம்?

இப்போது தாயின் ரத்தத்தில் மிதக்கும் கருவின் டிஎன்ஏவை வைத்து என்.ஐ.பி.டி. என்றொரு சோதனை செய்கிறார்கள். ‘99 சதவீதம் துல்லியம்’ என்பார்கள். அந்த 99, டவுன் சின்ட்ரோம் இருக்கும் கருக்களில் எத்தனையைப் பிடிக்கும் என்பதற்கான கணக்கு. உங்களுக்கு ‘பாசிட்டிவ்’ வந்தால் அது எவ்வளவு நிஜம் என்பது வேறு கணக்கு. இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் 15,000 பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வயதில் சுமார் 1,500-ல் ஒன்று, அதாவது 10 கருக்களுக்கு இருக்கும். ஆயிரத்துக்கு ஒன்று தவறாகக் காட்டும் என்று வைத்தால்கூட இன்னும் 15 பேருக்கு ‘பாசிட்டிவ்’ வரும். ஆக, பயந்துபோகும் 25 பேரில் 15 பேருடைய பயம் வீண். தாயின் வயது கூடக் கூட வாய்ப்பும் கூடும் என்பதால், நாற்பது வயதில் இந்தக் கணக்கு தலைகீழாகும். அதனால்தான் பனிக்குட நீர் எடுத்து உறுதி செய்யாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

சரி, உறுதியாகிவிட்டது என்றே வைப்போம். அப்புறம் கையில் தரும் தாளில் இதயம், தைராய்டு, அறிவுத்திறன் குறைபாடு என்று நோய்ப் பட்டியல்தான் இருக்கும். அந்தக் குழந்தை பள்ளிக்குப் போகும், பலர் வேலைக்கும் போகிறார்கள், தங்கைகளோடு சண்டை போடும் என்பதெல்லாம் அதில் வராது. அமெரிக்காவில் 1983-ல் இவர்களின் சராசரி ஆயுள் 25 வயதுதான், இன்று 60-ஐ ஒட்டி நிற்கிறது. குரோமோசோம் அப்படியேதான் இருக்கிறது. இதய அறுவை சிகிச்சை செய்தார்கள், காப்பகத்தில் தள்ளாமல் வீட்டில் வளர்த்தார்கள், ஆயுள் கூடியது. முடிவெடுக்கப்போகிறவளுக்கு இதையும் சொல்ல வேண்டாமா?

டென்மார்க்கில் 2004 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும், எனக்கு முதலில் எடுத்ததுபோன்ற ரத்த, ஸ்கேன் பரிசோதனையை வழங்குகிறார்கள். உறுதியானபின் மிகப் பெரும்பாலானோர் கலைத்துவிடுகிறார்கள். சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அந்தப் பெண்களை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே பக்கம் போகும்போது, அவர்களிடம் விஷயத்தை எந்தக் குரலில் சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

பதினாறாம் வாரம் எனக்கு ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ரிசல்ட் வர மூன்று வாரம் ஆனது. நார்மல். அழுதேன், சந்தோஷத்தில்தான். “கடவுள் காப்பாத்திட்டார்” என்றார் அத்தை. நானும் தலையாட்டினேன். எதிலிருந்து காப்பாற்றினார் என்று அன்று இரவுதான் உறைத்தது. வேறு மாதிரி வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று கணவரிடம் கேட்டேன். “தெரியலை” என்றார். எனக்கும் தெரியவில்லை. மகளுக்கு இப்போது நான்கு வயது, இன்னும் தெரியவில்லை.