நாட்றம்பள்ளியில் விழுந்தது விண்கல்லா?

'விண்கல் தாக்கி இறந்த உலகின் முதல் மனிதர் வேலூர்க்காரர்' என்ற செய்தி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இன்றும் பகிரப்படுகிறது. இது நிரூபிக்கப்பட்ட உண்மை அன்று.

2016 பிப்ரவரி 6 அன்று, அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் பெரும் சத்தத்துடன் ஏதோ வெடித்ததில், பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். விழுந்தது விண்கல் என்று மாநில அரசு அறிவித்ததால் செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் வெளியான படங்களைக் கண்ட நாசா அறிவியலாளர்கள், அவை நிலத்தில் நிகழ்ந்த வெடிப்பையே ஒத்திருப்பதாகக் கூறினர்.

காரணம் எளிது. சிறிய விண்கல் வளிமண்டலத்தில் நுழையும்போது அதன் மேற்பரப்பு உருகி ஒளிர்ந்தாலும், காற்றின் தடையால் வெகு உயரத்திலேயே வேகமிழந்து, அதன்பின் சாதாரணக் கல்லைப் போலவே விழுகிறது. தரையைத் தொட்டதும் அது வெடிப்பதில்லை. உருகிய மேற்பரப்பு மட்டும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனில் கரிய மேலோடாக உறைந்திருக்கும். புதிதாக விழுந்த கல்லில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

1954-இல் அமெரிக்காவின் அலபாமாவில் சுமார் 4 கிலோ விண்கல் கூரையைத் துளைத்து, வானொலிப் பெட்டியில் மோதித் தெறித்து, ஆன் ஹாட்ஜஸ் என்ற பெண்ணின் இடுப்பைக் காயப்படுத்தியது. அவர் உயிர் பிழைத்தார். 'முதல் மனிதர்' என்பதும் ஐயத்துக்குரியதே: 1888-இல் இன்றைய ஈராக்கின் சுலைமானியாவில் ஒருவர் விண்கல்லால் இறந்ததாகக் கூறும் ஒட்டோமான் அரசு ஆவணங்களை ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டனர்.