எங்கள் ஏட்டையா

போன மாதம் ஒரு விடியற்காலையில் ஏட்டையா போய்விட்டார். மாரடைப்பு. வயது 68. மதுரை செல்லூரிலிருந்து தத்தனேரி மயானம் ஒன்றும் தூரமில்லை. ஆனால் அந்தக் கொஞ்ச தூரத்துக்கும் தோள் கொடுக்க ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். அதில் போலீஸ் வேலையில் இருப்பவர்கள் மட்டும் பதினொரு பேர். எல்லாரும் அவரிடம் கயிறு ஏறப் பழகிய பையன்கள்.

2015இல் எஸ்.எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, பத்து வருஷத்தில் முதல்நிலை, அப்புறம் தலைமைக் காவலர், 25 வருஷம் முடிந்தபின் சிறப்பு சார்பு ஆய்வாளர். தோளில் ஸ்டார் ஏறிய பிறகும் எங்களுக்கு அவர் ஏட்டையாதான். பெயர் போட்டு எழுதட்டுமா என்று அவர் மனைவியிடம் கேட்டேன். எங்களுக்கெல்லாம் அவர் அம்மா. "அவருக்கு அதெல்லாம் பிடிக்காதுப்பா" என்றார். அதனால் போடவில்லை.

காலை நாலே முக்காலுக்கு மைதானத்துக்கு வந்துவிடுவார். நைட் ரவுண்ட்ஸ் முடிந்த நாளில் தூங்காமல் அப்படியே வருவார். வேப்பமரத்துக் கிளையில் தேங்காய் நார்க் கயிறு, கையில் பழைய எச்.எம்.டி. வாட்ச், அவ்வளவுதான் அவருடைய கோச்சிங் சென்டர். போலீஸ் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். முடிக்காதவனுக்கு அடுத்த கட்டமே கிடையாது. கயிற்றில் 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் இரண்டு. புதுப் பையன்கள் எல்லாரும் கை பலத்தில் ஏறப் பார்த்து, பாதியில் தொங்கி, உள்ளங்கைத் தோல் உரிந்து இறங்குவார்கள். ஏட்டையா கீழே உட்கார்ந்து அவர்கள் பாதத்தைத் தன் கையால் பிடித்து, கயிற்றை இரண்டு பாதத்துக்கும் நடுவில் கொடுத்து இறுக்கிக் காட்டுவார். "கையை நம்பாத. கால் பூட்டுனாத்தான் கை ஓய்வெடுக்கும்." உரிந்த கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி விடுவதும் அவர்தான்.

நான் போலீஸ் ஆகவில்லை. மைதானத்துச் சுவரில் என்னை நிறுத்தி, தலைக்கு மேல் சாக்பீஸால் கோடு போட்டு டேப் பிடித்தார். 168. பொதுவாக 170 வேண்டும். இன்னும் வளர்வேன் என்று நான் அழாக்குறையாகச் சொன்னேன். "வளர்ந்தா சந்தோஷம். அதுவரைக்கும் டைப்ரைட்டிங் போ" என்றார். முதல் மூன்று மாதம் ஃபீஸும் அவரே கட்டினார். குரூப் 4 எழுதி இன்று ஓர் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அந்தச் சாக்பீஸ் கோடுதான் காரணம். பொய் நம்பிக்கை கொடுத்து என் இரண்டு மூன்று வருஷத்தை அவர் வீணாக்கவில்லை.

இனி சொல்லப் போவதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

2007 சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய ராத்திரி, ஆழ்வார்புரம் பக்கம் நாங்கள் நாலு பேர் நின்றுகொண்டிருந்தோம். தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுவதில் இரண்டு கோஷ்டிக்கு உரசல். பந்தோபஸ்தில் இருந்த ஏட்டையா கண்ணில் பட்டுவிட்டோம். "கிளம்புங்கடா. காலையில கிரவுண்டு இருக்கு" என்றார். மூன்று பேர் கிளம்பிவிட்டோம். நாலாமவன், "அஞ்சு நிமிஷம், வந்திடுறேன்" என்று நின்றான்.

அந்த அஞ்சு நிமிஷத்தில் ஒருத்தன் மண்டை உடைந்தது. எஃப்.ஐ.ஆரில் ஆறு பெயர். அதில் ஒன்று எங்கள் நண்பன்.

இரண்டு வருஷம் கழித்து விடுதலையாகிவிட்டான். சாட்சிகள் பிறழ்ந்துவிட்டார்கள், சந்தேகத்தின் பலன் கிடைத்தது. அப்புறம் போலீஸ் தேர்வில் கயிறு இரண்டு ஸ்டார், ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தான். எழுத்துத் தேர்விலும் நல்ல மார்க். கடைசியில் நன்னடத்தைச் சரிபார்ப்பில் நின்றுபோனான். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில் ஒரு விளக்கம் இருக்கிறது. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்கிறது அது. பத்தொன்பது வயதில் ஓர் அஞ்சு நிமிஷம் நின்றதற்கு இது ரொம்பப் பெரிய தண்டனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஏட்டையா விதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு வக்கீல் வீட்டுக்கு நடந்தார். ஒன்றும் நடக்கவில்லை என்றதும் ஹெவி லைசென்ஸ் எடுக்க வைத்தார். "அன்னைக்கு உன் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும்" என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் மைதானத்தில் ஒரு பழக்கம் வந்தது. புதிதாக யார் வந்தாலும் முதல் ஞாயிறு ஓட்டம் கிடையாது. எல்லாரையும் மரத்தடியில் உட்கார வைத்து, எஃப்.ஐ.ஆர். என்றால் என்ன, பொது இடத்தில் ரகளை செய்தால் போடும் 75 கேஸ் என்றால் என்ன, ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று 110இல் பாண்டு எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லிக் கொடுப்பார். "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி படி. படிக்க விடலேன்னா எனக்கு போன் போடு." ஒரு போலீஸ்காரர் இதைச் சொல்லிக் கொடுத்தார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவலில் அடிபட்டு இறந்த செய்தி வந்தபோது மதுரையில் ஊரடங்கு. ஓய்வு பெற்று அஞ்சு வருஷம் ஆகியிருந்தது அவருக்கு. தன்னிடம் பழகி வேலைக்குப் போன ஒவ்வொருவனுக்கும் போன் போட்டிருக்கிறார். கேட்டது ஒன்றே ஒன்று: "நீ யாரையாச்சும் அப்படி அடிச்சிருக்கியா?" தயங்கிய ஒருத்தனிடம் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். அவனே என்னிடம் மயானத்தில் சொன்னான்.

ஒவ்வொரு அக்டோபர் 21 அன்றும் காவலர் வீரவணக்க நாள் நடக்கிறது. 1959இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் இறந்த பத்துக் காவலர்களின் நினைவில் தொடங்கியது. பணியில் உயிர் விட்டவர்களின் பெயர்களை வாசிக்கிறார்கள். வாசிக்கத்தான் வேண்டும். 2017 டிசம்பரில் கொள்ளையரைத் தேடி ராஜஸ்தான் போய் உயிர் விட்ட மதுரவாயல் ஆய்வாளர் பெரியபாண்டியனை ஊர் மறக்காது. ஆனால் அவர் தன் சொந்த ஊர் மூவிருந்தாளியில் அரசுப் பள்ளிக்கு நிலம் கொடுத்தவர் என்பதும் அதே அளவுக்கு நினைவில் இருக்க வேண்டாமா? துப்பாக்கிச் சத்தத்தோடு முடிந்த வாழ்க்கைக்கு மட்டும்தான் நாம் எழுந்து நிற்கிறோம். ஏட்டையா வீட்டுக் கட்டிலில் இறந்தார். அவர் பெயரை எங்கேயும் வாசிக்க மாட்டார்கள்.

பிடித்த கேஸுக்குக் கணக்கு உண்டு, ரிவார்டு உண்டு. நடக்காமல் போன கேஸை எந்த ரிஜிஸ்டரில் எழுதுவது? அன்று ஆழ்வார்புரத்திலிருந்து திரும்பிய நாங்கள் மூன்று பேரும் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. காவலர்களுக்கு வார விடுப்பு உண்டு என்று அரசாணை வந்ததே 2021இல்தான். அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்ட மனுஷன், தூக்கத்தைக் கழித்துத்தான் எங்களுக்கு நேரம் கொடுத்தார். இப்படி ஒரு காவலர் மைதானத்தில் செலவழிக்கும் ஒரு மணி நேரத்தை டியூட்டியாகவே கணக்கில் எடுக்க வேண்டும். துறையில் மேலே இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இதைக் கோரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நண்பன் இப்போது தூத்துக்குடி துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறான். செய்தி கேட்டு லோடை இறக்கிவிட்டு நேராக வந்தான். மற்றவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். அவன் மாற்றவில்லை.

பதினாறாம் நாள் முடிந்ததும் அம்மா அந்த எச்.எம்.டி. வாட்சை என்னிடம் கொடுத்தார். தினமும் சாவி கொடுக்கிறேன். கயிறு பழசாகிவிட்டது, இந்த வாரம் புதுசு கட்டுகிறோம். ஆயுதப்படையில் இருக்கும் தம்பிகள் இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டு வருவார்கள், ஞாயிற்றுக்கிழமை நான். பத்தாவது முடித்த பையன்கள் யாராவது இருந்தால் காலை ஐந்து மணிக்கு அனுப்பி வையுங்கள். செல்லூரில் ஏட்டையா கிரவுண்டு என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள்.