ஆமியின் கையைக் கட்டியது யார்?

“கையைக் கட்டிப்போட்டுச் சண்டை பிடிக்கச் சொன்னால் ஆமிக்காரன் சாகத்தானே செய்வான்?” கெரில்லாப் போரில் ஊர்ச்சனத்தைக் காக்க ஆமி சுடுவதைக் கட்டுப்படுத்தலாமா என்று பேச்சு வந்தால், இலங்கை மலையகத்தில் நம் ஹட்டன் பக்கத்து ஆட்களே இப்படிக் கேட்கிறார்கள். தூக்கியெறியக் கூடிய கேள்வி இல்லை. ஆமிக்குப் போனவனும் மொனராகலையிலோ அநுராதபுரத்திலோ ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைதான்.

இதற்குக் காட்டப்படும் உதாரணம் ஆப்கானிஸ்தான். 2009 ஜூலையில் அமெரிக்கத் தளபதி மெக்கிறிஸ்டல், வீடுகள் மீது குண்டு போடுவதைக் கட்டுப்படுத்தி உத்தரவிட்டார். ஊர்ச்சனம் செத்தால் தலிபானுக்குத்தான் ஆள் சேரும் என்பது அவர் கணக்கு. செப்டம்பர் 8ஆம் திகதி கஞ்ச்கல் பள்ளத்தாக்கில் தலிபானிடம் மாட்டிக்கொண்ட படையினர் ரேடியோவில் பீரங்கி உதவி கேட்டுக் கதறியும் வேண்டிய நேரத்தில் கிடைக்கவில்லை. ஐந்து அமெரிக்கர்களும் ஆப்கான் படையினர் பலரும் செத்துப்போனார்கள். பழி உத்தரவின் மேல் விழுந்தது. விசாரணையோ கட்டளை நிலையத்தில் இருந்த அதிகாரிகளின் அலட்சியத்தைச் சுட்டியது. இதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

சரி, கையை அவிழ்த்துவிட்டால்? 1983 ஜூலை 23, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் 13 சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். ஆத்திரத்தில் இறங்கிய படையினர் யாழ்ப்பாணத்தில் கண்ட சனத்தைச் சுட்டார்கள். தமிழருக்கு எதிராகக் கொழும்பில் பற்றிய கலவரத் தீ பதுளைக்கும் நுவரெலியாவுக்கும் வந்தது. திருநெல்வேலி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவளுக்கு அதில் என்ன பங்கு? ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கங்களுக்கு ஆள் குவிந்ததும் அதற்குப் பிறகுதான்.

பிறகு வந்த சுற்றிவளைப்புகளை எங்கள் தலைமுறைக்குத் தெரியும். விடியலில் லயத்துக் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) கதவைத் தட்டி, பையன்களைத் தொழிலாளர் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். டோர்ச் வெளிச்சம் அடையாள அட்டைக்கும் முகத்துக்கும் மாறி மாறிப் போகும். 1977 கலவரத்தில் வடக்கே வவுனியாவுக்கு ஓடிய குடும்பத்துப் பையன் என்றால் அட்டையில் அந்த விலாசம் இருக்கும். அது போதும், புலி என்று சந்தேகித்து டிரக்கில் ஏற்ற.

துவக்கும் பயிற்சியும் சம்பளமும் உள்ளவன்தான் கூடுதல் ஆபத்தை ஏற்க வேண்டும், லயத்தின் கோடி அறையில் படுத்திருப்பவன் அல்ல. இதுதான் என் கட்சி. ஆனால் பொறுமையாக இரு என்று சிப்பாயிடம் சொல்லும் அதிகாரி, அவன் ரேடியோவில் கூப்பிடும்போது எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் விசாரணைக்கு வர வேண்டும்.

நம் நாட்டில் அந்த விசாரணைதான் நடப்பதில்லை, நடந்தாலும் நிற்பதில்லை. 2000 ஒக்டோபர் 25, பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ. புலிகள் என்று பிடிபட்டவர்களை வைத்திருந்த புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து தமிழ்ப் பையன்களை வெட்டிக் கொன்றபோது ஆயுதம் தாங்கிய பொலிஸ் அங்கேயே நின்றது. தடுக்கவில்லை. (இதையும் நிதானம் என்பார்களோ என்னவோ.) தண்டிக்கப்பட்டவர்களையும் 2005இல் உச்ச நீதிமன்றம் விட்டுவிட்டது.