பெர்காஃப் ஏமாற்றவில்லை

அமெரிக்க நீச்சல் வீரர் டேவிட் பெர்காஃப் பற்றிய பதிவில், “டேவிட் பெர்காஃப் 1988 சியோல் ஒலிம்பிக்கில் தண்ணீருக்கடியில் ஏமாற்றித் தங்கம் வாங்கினார், தடை வந்ததும் காணாமல் போனார்” என்று எழுதியிருக்கிறீர்கள். இது சரியில்லைங்க.

100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் (மல்லாந்து நீந்தும் போட்டி) அன்று தங்கம் வாங்கியவர் ஜப்பானின் டைச்சி சுசுகி. நேரம் 55.05 விநாடி. பெர்காஃப் 55.18, வெள்ளி. அதே நாள் தகுதிச்சுற்றில் 54.51 என்று உலக சாதனை படைத்தவர் இறுதியில் நூலிழையில் தோற்றார். இன்னொன்று, சுசுகியும் அதே முறையில்தான் நீந்தினார். இருவருமே மல்லாந்தபடி, கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, டால்பின் உதையால் (இரு கால்களையும் சேர்த்து அசைத்து) நீருக்கடியிலேயே போனவர்கள். பெர்காஃப் சுமார் 35 மீட்டர், சுசுகி சுமார் 30. மேற்பரப்பில் அலை கிளம்பி இழுக்கும். ஆழத்தில் அந்த இழுப்பு குறைவு. அவ்வளவுதான் சூட்சுமம்.

அப்போது நீருக்கடியில் போக தூர வரம்பே கிடையாது. இல்லாத விதியை எப்படி மீற முடியும்? ஒலிம்பிக் முடிந்த பிறகுதான் 10 மீட்டர் வரம்பு வந்தது. பின்னால் அதை 15 மீட்டராகத் தளர்த்தினார்கள். பதக்கம் எதையும் யாரும் பறிக்கவில்லை.

காணாமலும் போகவில்லை. வரம்பு வந்த பிறகும் 1992 பார்சிலோனாவில் அதே 100 மீட்டரில் வெண்கலம் வென்றார். சியோலில் அவர் வாங்கிய தங்கம் 4x100 மெட்லி தொடர் நீச்சலில் (நால்வர் ஆளுக்கொரு முறையில் நீந்துவது), அணியோடு சேர்ந்து. மூச்சடக்கி உழைத்த ஒரு மனிதரை ஏமாற்றுக்காரர் என்பது பெரிய அநியாயம். பதிவைத் திருத்திவிடுங்கள்.